ஒப்புக்கொடுத்தல்: ‘சரண்டர்’ என்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல்

சேலத்தில் எந்தச் சபையின் வாலிபர் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும்: “என் வாழ்க்கையை முழுசா ஆண்டவர்கிட்ட சரண்டர் பண்ணிட்டேன்.” சொல்கிறவரின் மனசு உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை சொல்ல நினைப்பதை ‘சரண்டர்’ என்ற சொல் பாதிதான் தாங்கும். மீதியையும் தாங்கும் சொல் நம் வேதாகமத்திலேயே, நம் பாட்டிமார் வாயிலேயே இருக்கிறது: ஒப்புக்கொடுத்தல்.

முதலில் சரண்டரைப் பார்ப்போம். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. விட்டுக்கொடுப்பது, கைமாற்றிவிடுவது என்பது அதன் அடிப்படைப் பொருள். கோட்டையை எதிரியிடம் விடுவது, நிலத்தின் மேலுள்ள உரிமையை விடுவது என்று போர்க்களத்திலும் சட்டத்திலும் புழங்கியது. நம் ஊரிலும் அது அந்த வாசனையோடுதான் இருக்கிறது. தேடப்படும் ஆள் கோர்ட்டில் சரண்டர் ஆகிறார். அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணம் வாங்குகிறார். எல்.ஐ.சி. பாலிசியைக் கட்ட முடியாதவர் சரண்டர் செய்கிறார். ஒன்று தோற்றுப்போய் விடுவது, இல்லையென்றால் பணத்துக்காக விடுவது. இரண்டிலும் அன்பு இல்லை.

செய்தித்தாள் இதைச் ‘சரண்’ என்று தமிழாக்குகிறது. உண்மையில் ‘சரணம்’ என்ற வடசொல்லுக்குப் புகலிடம் என்று பொருள். சரணாகதி என்றால் புகலிடத்தை வந்தடைதல். வைணவத்தில் ஆழமாக வேர்விட்ட சொல் அது. அதற்கு நேரான தமிழ் அடைக்கலம். “தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்” என்ற 46-ஆம் சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடைக்கலம், அடைக்கலமேரி, அடைக்கலராஜ் என்று பிள்ளைகளுக்குப் பெயரும் வைக்கிறோம். ஆனால் அடைக்கலம் என்பது நாம் பெறுவது. நாம் கொடுப்பதற்கு வேறு சொல் வேண்டும்.

அர்ப்பணம், சமர்ப்பணம் இரண்டும் வடசொற்கள், ஒப்படைத்தல் என்ற பொருள்தான். தப்பில்லை. ஆனால் மேடையிலும் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருந்து பழகிவிட்டதால் அவற்றில் ஒரு விழாக்கோலம் ஒட்டிக்கொண்டது. பிரதிஷ்டை என்றால் நிலைநிறுத்துதல். ஆலயக் கட்டடத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். காலையில் பல் விளக்கிவிட்டு முழங்கால் போடும்போது சொல்ல வருகிற சொல் இவற்றில் எதுவும் இல்லை.

சரி, ஒப்புக்கொடுத்தலுக்கு வருவோம். இதன் வேர் ‘ஒ’. ஒத்தல், ஒப்பு, ஒப்பந்தம், ஒப்புரவு எல்லாம் ஒரே குடும்பம். ஒத்திருப்பதும் ஒத்துக்கொள்வதும் இந்த வேருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. ஒருவர் பாவத்தை ‘ஒப்புக்கொள்கிறார்’. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தை ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கிறார்கள். பள்ளிப் பிள்ளை வாய்ப்பாட்டை ‘ஒப்புவிக்கிறது’, அதாவது வாங்கியதை வாங்கியபடியே, குறையாமல் வாத்தியாரிடம் திருப்பிச் சொல்கிறது. ஆக, ஒப்புக்கொடுப்பது என்றால் வெறுமனே விட்டுவிடுவது இல்லை. கொடுக்கிறவர் மனம் ஒத்து, வாங்குகிறவர் அறிய, இன்னது இவ்வளவு என்று கையில் கொடுப்பது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் நாட்களில், சாயங்கால நேரம் இந்தச் சொல்லின் பொருள் கண்ணுக்கே தெரியும். பகலெல்லாம் பறித்ததைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டி, கலந்துவிட்ட இலையையும் பச்சைக் காயையும் பொறுக்கி எடுத்து, எடை போட்டு, அவரவர் பெயரில் எழுதிக்கொள்வார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இன்றைக்கு எவ்வளவு என்று தெரியும். நாளைக்குப் பறிக்கப்போவதை இன்றைக்கே யாரும் ஒப்படைக்க முடியாது.

வேதாகமம் இந்தச் சொல்லை எங்கே வைத்திருக்கிறது என்று தேடினால் ஆச்சரியமாக இருக்கும். பரபாஸ் என்ற கைதியை விடுதலை செய்த ரோம ஆளுநர் பிலாத்து, இயேசுவைச் சிலுவையில் அறையும்படிக்கு ‘ஒப்புக்கொடுத்தான்’ (மத்தேயு 27:26). பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, “என்னில் அன்புகூர்ந்து எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த தேவனுடைய குமாரன்” என்கிறார் (2:20). கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். பிலாத்து அவரைப் பிறர் கையில் தள்ளிவிட்டதாக நினைத்தான். அவரோ ஏற்கெனவே தம்மைத் தந்திருந்தார். பிறகு ரோமர் 12:1-ல் அதே தமிழ்ச் சொல் நம்மை நோக்கித் திரும்புகிறது: உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று. அங்கே மூலத்தில் வேறு வினை, பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்து என்று பொருள். தமிழ் மொழிபெயர்ப்பு மூன்று இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டதால், அவர் முதலில் ஒப்புக்கொடுத்தார், அதனால்தான் நாமும் என்கிற தொடர்பு நம் காதில் தானாகவே விழுகிறது. இதை நான் ஒரு பெரிய கொடையாகவே நினைக்கிறேன்.

1995-ல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த ரோமர் வசனத்தில் ‘படையுங்கள்’ என்கிறது. நல்ல தமிழ், அழகான சொல். ஆனாலும் கத்தோலிக்கர் பேச்சில் ஒப்புக்கொடுத்தல் மறையவில்லை. “அப்பாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கணும்” என்று பங்கு அலுவலகத்தில் கேட்பார்கள். ‘பூசை’ போன்ற சொற்களைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் எடுத்துக்கொண்ட இத்தாலிய இயேசு சபைக் குரு தெ நோபிலி 1623-ல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தவர் என்பதை இந்த ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. ஏற்காட்டில் 1917-ல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளி யார் பெயரைத் தாங்குகிறதோ, அந்தப் பிரெஞ்சுக் குரு லூயி மரி தெ மான்ஃபோர்ட் (1673–1716) வாழ்நாளெல்லாம் பிரசங்கித்ததும் இதைத்தான்: மரியாள் வழியாக இயேசுவுக்கு முழுவதுமாக ஒப்புக்கொடுத்தல். ‘முழுவதும் உமதே’ என்று பொருள்படும் அவருடைய லத்தீன் வாக்கைத்தான் பின்னால் போப் இரண்டாம் ஜான் பால் தம் விருதுவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றாடச் செபம், வேலை, இன்பம், துன்பம் நான்கையும் காலையிலேயே இயேசுவின் கையில் வைக்கும் காணிக்கை செபம் 1844-ல் பிரான்சில் பிறந்தது.

‘காலையிலேயே’ என்பது முக்கியம். தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றட்டும் என்ற வார்த்தை மத்தேயுவிலும் மாற்குவிலும் உண்டு. ‘அநுதினமும்’ என்ற சொல்லைச் சேர்த்திருப்பவர் லூக்கா மட்டும்தான் (9:23). ஏற்காட்டு மலையில் நடக்கும் வாலிபர் முகாம்களில் கடைசி இரவு, “யாரெல்லாம் ஒப்புக்கொடுக்கிறீங்க, கையைத் தூக்குங்க” என்பார்கள். அழுகை வரும், கை உயரும். அது வேண்டும், நல்லதுதான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் திங்கட்கிழமை காலை கண் விழித்ததும் மறுபடியும் செய்ய வேண்டிய காரியம் அது.

அஸ்தம்பட்டியில் இருந்த என் பெரியம்மா அப்படித்தான் செய்வார். அடுப்புப் பற்றவைப்பதற்கு முன் முழங்கால் போட்டு, “ஆண்டவரே, இந்தக் கண்ணை ஒப்புக்கொடுக்கிறேன், இந்தக் கையை ஒப்புக்கொடுக்கிறேன், இந்த நாக்கை ஒப்புக்கொடுக்கிறேன்” என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். நாக்கு வரும்போது குரல் தாழும். முந்தின நாள் குழாயடியில் யாரிடமாவது கடுமையாகப் பேசியிருந்தால் அந்தப் பெயரும் அங்கே வரும். அப்புறம் எழுந்துபோய் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிட்டு வருவார்.

இந்தச் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அடி வாங்கும் பெண்ணிடம், “ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துட்டு பொறுத்துக்கோம்மா” என்று அனுப்பிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்பு என்பதே மனம் ஒத்த சம்மதம். அதைப் பெறுகிறவர் கடவுள், கையை ஓங்குகிற மனுஷன் இல்லை. ஒப்புக்கொடுத்த உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உதவி கேட்பதும், போலீசுக்குப் போவதும் அந்த ஒப்புக்கொடுத்தலுக்கு விரோதமானவை அல்ல.

எழுதும்போது ‘ஒப்புக்கொடு’ என்று ஒரே சொல்லாக, ‘க்’ சேர்த்து எழுத வேண்டும். ஜெப அறிவிப்புகளில் ‘ஒப்புகொடுத்தல்’ என்று ஒற்று விழுந்துவிடுகிறது, அது பிழை. ‘சரண்டர் ஜெபம்’ என்பதை ‘ஒப்புக்கொடுக்கும் ஜெபம்’ என்றே போடலாம். பெயர்ச்சொல்லாக, கொஞ்சம் சுருக்கமாக வேண்டுமானால் ‘தன்கையளிப்பு’ என்ற புதிய ஆக்கமும் நன்றாக இருக்கிறது. குழந்தைகளை ஆலயத்துக்குக் கொண்டுவரும் நாளில், அழைப்பிதழில் ‘டெடிகேஷன்’ என்று அச்சடிக்காமல் ‘குழந்தையை ஒப்புக்கொடுக்கும் ஆராதனை’ என்று அச்சடிக்கலாம். பத்திரிகை வாசிக்கும் தாத்தாவுக்கும் உடனே புரியும்.