மழை வரும் நேரமும் வெயிலின் உச்சமும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என்றே இன்னமும் பலர் அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில், மறுநாளைய உச்ச வெப்பத்தை முதல்நாள் இரவே எழுதித்தர வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தால், எதையும் ஆராயாமல் ‘இன்று 33 டிகிரி, நாளையும் 33’ என்று எழுதுபவரை வெல்வதே பெரும்பாடாகிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊர்களில் அடுத்தடுத்த நாள்களின் வெப்பம் பெரும்பாலும் ஓரிரு டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. இந்தச் சோம்பேறிக் கணிப்பைவிடக் குறைவாகப் பிழைத்தால்தான் ஒருவரின் கணிப்புக்குத் திறன் உண்டென்று வானிலையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அந்தச் சோம்பேறிக் கணிப்பாளர் தோற்கும் நாள்களைப் புரட்டிப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் மழை வந்த நேரமாகவே இருக்கும். மலேசியக் கடிகாரம் 120 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. நாமோ 101 டிகிரிக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறோம். ஆகவே சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறத்தாழ ஒன்றேகால் ஆகிவிடுகிறது. வெயிலின் உச்சம் அதற்கும் பிறகுதான். நண்பகலிலேயே மேகம் மூடினால் 30 டிகிரியைத் தொடாமலே அந்த நாள் கழியலாம். மாலை ஐந்து மணிக்கு இடி இறங்கினால், 33 அதற்கு முன்பே பதிவாகியிருக்கும்.

அந்த நேரத்தைச் சொல்வது ஏன் கடினம்? வெயிலில் காய்ந்த தரையிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து குளிர்கிறது. நீராவி துளிகளாகும்போது வெளிப்படும் வெப்பம் அதை இன்னும் உயரத் தள்ளுகிறது. பெய்யும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாவதால் குளிர்ந்து கனத்த காற்று கீழே பாய்ந்து, நான்கு பக்கமும் பரவுகிறது. மழைக்குச் சற்று முன் செம்பனை மட்டைகளைப் புரட்டிப்போட்டு, நம் முகத்தில் அடிப்பது அதுதான். அதன் முன்விளிம்பு அடுத்த தோட்டத்தின் வெதுவெதுப்பான காற்றை நெம்பி உயர்த்த, அங்கே புதிதாக ஓர் இடிமேகம் பிறக்கிறது. எந்தத் தோட்டத்தில் முதல் மேகம் கிளம்பும் என்பதை முதல்நாளே எந்தக் கணினியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால் இடிமழையை விழுக்காட்டில் சொல்வதே நேர்மை. 1950இல் அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் வகுத்த முறையின் எளிய வடிவில், சொன்ன வாய்ப்புக்கும் (70 விழுக்காடு என்றால் 0.7) நடந்ததற்கும் (இடித்தால் 1, இல்லாவிட்டால் 0) உள்ள வேறுபாட்டின் வர்க்கமே தண்டப் புள்ளி. பத்து நாளில் ஏழு நாள் இடிக்கிறது என்று கொள்வோம். தினமும் 70 விழுக்காடு என்றவருக்கு மொத்தத் தண்டம் 2.1, தினமும் 100 என்று அடித்துச் சொன்னவருக்கு 3. வாய்வீச்சுக்கு இங்கே விலை உண்டு.

பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களுக்கு இதைவிடக் கவலை தந்தது விடியற்கால மழை. மரப்பட்டை நனைந்தால் வெட்டு கிடையாது, மங்கில், அதாவது பால் சேரும் கிண்ணத்தில், இறங்கிய பாலும் கரைந்துபோகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடியலில் மேற்குக் கரையைத் தாக்கும் ‘சுமத்ரா’ எனப்படும் இடிமேக வரிசை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அது கடந்த பின்னும் மேகம் கலையாமல் நின்றால் பகல் வெப்பம் ஏற மறுக்கும். அன்று மாலை இடியும் தள்ளிப்போகலாம். ஜப்பானின் ஹிமாவாரி வானிலைச் செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் அனுப்புகிறது. ஆனால் வரிசை நள்ளிரவுக்குப் பின் திரண்டால், போட்டிச் சீட்டை அதற்குள் கொடுத்து முடித்திருப்போம்.

குறைந்தபட்ச வெப்பத்தை எழுதுகிறவர்களும் மாலை மழையை மறந்துவிடக் கூடாது. கொட்டும் மழையில் வெப்பமானி சட்டென இறங்கி, அன்றைய மிகக் குளிர்ந்த கணம் விடியலில் அல்லாமல் மாலை ஐந்தரை மணிக்குப் பதிவாவதும் உண்டு.