எண்ணெய்க்கும் தீப்பற்றலுக்கும் என்ன சம்பந்தம்?

"குளிர்காலக் காலைகளில் என் பழைய டீசல் காரின் செல்ப் மோட்டார் முக்கி முனகிச் சுற்றுகிறது. வெள்ளைப் புகை வருகிறதே தவிர வண்டி பிடிப்பதில்லை. இன்ஜினுக்கு வயதாகிவிட்டது, கெட்டி ஆயில் ஊற்று என்கிறார்கள். ஊற்றலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். வண்டியைக் கிளம்பவிடாமல் பிடித்து வைத்திருப்பதே இப்போதுள்ள ஆயிலின் கெட்டித்தன்மையாக இருக்கலாம்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கினால் சூடேறும், அந்தச் சூட்டில் பீய்ச்சிய டீசல் தானே பற்றிக்கொள்ளும். 1890களில் ருடால்ஃப் டீசல் கட்டிய இன்ஜினும் இப்படித்தான் ஓடியது. பழைய டீசல் கார்கள் பலவற்றில் காற்று அதன் கன அளவில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே ஒடுக்கப்படுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு, வெப்பநிலை மாறா நிகழ்வு என்று பள்ளியில் இரண்டு படித்திருப்போம். வாயுவைச் சட்டென்று அமுக்கினால் முதலாவது. வெப்பம் வெளியே போய்ச்சேர நேரம் கொடுத்து, மிக மெதுவாக அமுக்கினால் இரண்டாவது. இரண்டாவதில் வாயு ஒடுங்கும், ஆனால் சூடேறாது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் குளிர்ந்த டீசல் இன்ஜின் மாட்டிக்கொண்டு தவிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது, பிஸ்டன் காற்றை அமுக்கும் அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 0.04 நொடி ஆகும். செல்ப் மோட்டார் 200 சுற்றில் சுழற்றினால் 0.15 நொடி. அது திணறி 100 சுற்றுக்கு இறங்கினால் 0.3 நொடி. அத்தனை நேரமும் காற்றின் சூட்டைச் சில்லிட்ட சிலிண்டர் சுவர் உறிஞ்சுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் இடுக்கு வழியே காற்றும் கசிகிறது. போதாக்குறைக்கு, உள்ளே வரும் காற்று 1 டிகிரி குளிர்ந்திருந்தால் அமுக்கத்தின் முடிவில் 2, 3 டிகிரி குறைந்துபோகிறது.

பழைய கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை டீசலை நேராகப் பிஸ்டன் மேல் பீய்ச்சாமல், சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஒரு சிறு அறைக்குள் பீய்ச்சுகின்றன. அறை சிறியது, காற்றின் அளவோடு ஒப்பிட்டால் சுவர்ப் பரப்பு அதிகம். அதனால் சூட்டை வேகமாகத் தின்றுவிடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான், மின்சாரத்தில் பழுத்து அறையைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் இருக்கிறது. வாசகர் பார்த்த வெள்ளைப் புகை, எரியாமல் ஆவியாகி வெளியேறும் டீசல். பச்சை டீசல் வாடை அடிக்கும், கண் எரியும்.

ஆக, சுழலும் வேகம்தான் தீப்பற்றலைத் தீர்மானிக்கிறது. அந்த வேகம் பேட்டரி, ஆயில் இரண்டின் கையில் இருக்கிறது. குளிரில் பேட்டரியின் வலு குறையும் அதே நேரத்தில் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, ஏறும்.

டப்பாவில் உள்ள 15டபிள்யூ-40 என்பதில் முன் எண் குளிருக்கானது, பின் எண் சூட்டுக்கானது. முன் எண் சிறிதானால் ஆயில் குளிரில் அவ்வளவு கெட்டியாகாது. 15டபிள்யூ ஆயிலின் பாகுத்தன்மை மைனஸ் 20 டிகிரியில் 7000 சென்டிபாய்ஸை (பாகுத்தன்மையின் அலகு) தாண்டக்கூடாது என்பது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் விதி. 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30 டிகிரியில் 6600. ஆனால் 100 டிகிரியில் 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டுமே 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுத்தன்மையின் இன்னொரு அலகு) இருந்தாக வேண்டும். இதற்காக ஆயிலில் கலக்கும் நீளமான பாலிமர் மூலக்கூறுகள் குளிரில் சுருண்டு கிடக்கும். சூடேறினால் விரிந்து, ஆயில் தண்ணீராக இளகாமல் தாங்கும். இன்ஜின் முழுச் சூட்டில் பாரம் இழுக்கும்போது பேரிங்கைக் காப்பது பின் எண். எனவே காரின் கையேடு சொல்லும் பின் எண்ணை விடாதீர்கள். அது அனுமதிக்கும் வரை முன் எண்ணை இறக்குங்கள். டீசலுக்கான 'சி' வரிசைத் தரம் டப்பாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் கரியைத் திரளவிடாமல் சுமக்கும் சேர்மங்கள் அதில் இருக்கும்.

"வயதான இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்" என்பது, எண்களைப் படிக்காமல் வாய்வழியாகவே பரவும் நம்பிக்கை. உராய்வைப் பற்றிய ஆராய்ச்சியை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு. 1966இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு பிரிட்டன் அரசுக்கு ஓர் அறிக்கை தந்தது. உராய்வையும் தேய்மானத்தையும் சரியாகக் கையாண்டால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று அது கணக்கிட்டது. இத்தனை பலன் தரும் துறைக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.

ஆயிலை மாற்றியும் வண்டி பிடிக்கவில்லையென்றால் ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், பிறகு கம்ப்ரஷனைப் பாருங்கள். பிடித்துச் சற்று ஓடி நின்றுவிட்டால் அது வேறு நோய்: டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கலாம். எப்படியானாலும் ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். பழுத்துச் சிவந்த பிளக்கில் பட்டால் அது நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடும்.