படிவத்தில் அப்பாவின் போன் நம்பர் இருக்கிறதா?

குழந்தைக்கு முதல் தடுப்பூசி போட வந்திருந்தார்கள். அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார். அப்பா கதவுக்கு வெளியே நின்றார். தோளில் டயப்பர் பை, கையில் பிளாஸ்க், அக்குளில் இடுக்கிய துண்டு. பால் எப்படிக் குடிக்கிறான், சிறுநீர் சரியாகப் போகிறானா என்று அம்மாவிடம் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். "ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கிறான்?" என்றதும் அவர் தயங்கினார். கதவுப் பக்கம் திரும்பி, "ஏங்க, நேத்து எத்தனை தடவை?" என்றார்.

"நாலு. பதினொண்ணரை, ஒண்ணே முக்கால், மூணரை, அஞ்சு. மூணரைக்குக் குடிச்சப்ப ஏப்பமே வரல. அரை மணி நேரம் தோள்ல போட்டு நடந்தேன்."

எனக்குத் தேவையான தகவல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அவரை உள்ளே கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. கூப்பிட்டிருந்தாலும் உட்கார இடமில்லை, அந்த அறையில் போட்டிருந்தது ஒரே ஒரு நாற்காலி. அன்று மாலை எங்கள் பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பெயர், வயது, எடை, ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் இருந்தன. அப்பாவுக்கு ஒரு வரி: பெயர். அவ்வளவுதான். அவருடைய நம்பரையே வாங்காத நாங்கள், "ஆம்பிளைங்க வகுப்புக்கு வர்றதே இல்ல" என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம்.

பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெற்றோருக்கு வகுப்பு நடத்துவது என் வேலை. அப்பாக்கள் வராததற்குக் காரணம் ஆர்வமின்மை என்று நானும் நம்பினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலானவர்களை நாம் அழைப்பதே இல்லை, அதுதான் விஷயம். வகுப்பு வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நடக்கும். நோட்டீஸில் அம்மாவும் குழந்தையும் மட்டும் இருக்கும் படம். "பெற்றோர் வகுப்பு" என்று போட்டால் ஆண்கள் அதை "அம்மாக்கள் வகுப்பு" என்றே வாசிக்கிறார்கள். "அப்பாக்களும் வரலாம்" என்று சேர்த்தாலும் பயனில்லை. அந்த "வரலாம்" இருக்கிறதே, அதில் வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் நேராகப் போன் செய்து பேச ஆரம்பித்தோம். மனைவி வழியாகச் சொல்லி அனுப்பாமல், அவர் பெயரைச் சொல்லி, "சனிக்கிழமை சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டவும் துணி மாத்தவும் சொல்லித் தர்றோம், உங்களுக்கு ஒரு இடம் வெச்சிருக்கோம்" என்போம். என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெளிவாகச் சொன்னால் ஆண்கள் வருகிறார்கள். அழைக்க நல்ல நேரம் கர்ப்ப காலம். ஸ்கேன் அன்று கூட வரும் அப்பாவைப் பாருங்கள், திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அன்று கொடுக்கும் அழைப்பு மனதில் நிற்கும். குழந்தை பிறந்த பிறகு அவருக்குத் தூக்கமும் இருக்காது, நேரமும் இருக்காது. நேரில் வரவே முடியாதவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் ஒரு வழி செய்தது: குழந்தையின் வயதுக்கு ஏற்றபடி அப்பாக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் திட்டம். இடையிடையே "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றும் அது கேட்கும். நிறைய பணம் தேவைப்படும் காரியமில்லை இது. முதலில் நம்பர் வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் உட்கார வைத்து உரை நிகழ்த்தினால் அவர்கள் இரண்டாவது வாரம் வர மாட்டார்கள். கைக்கு வேலை கொடுக்க வேண்டும். வெல்டிங் வேலை செய்யும் ஒருவர் வந்தார். பெரிய கைகள், விரல்களில் பழைய தீக்காயத் தழும்புகள். பயிற்சிப் பொம்மைக்குச் சட்டை போடச் சொன்னதும் வியர்த்துவிட்டது. "சிஸ்டர், கையை இழுத்தா ஒடஞ்சுடுமோன்னு பயமா இருக்கு" என்றார். சட்டைக் கையின் வாய்ப்பக்கமிருந்து உங்கள் விரல்களை உள்ளே விட்டு, குழந்தையின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, துணியை மேலே ஏற்றுங்கள் என்று காட்டினேன். குழந்தையின் கையை எங்கேயும் இழுக்க வேண்டியதில்லை, துணிதான் நகர்கிறது. மூன்று தடவை செய்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவருக்கு அவரே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கை வேலையில் இருக்கும்போதுதான் வாயும் திறக்கும். துணி மடித்துக்கொண்டே, யாருடைய முகத்தையும் பார்க்காமல், "ராத்திரி அழும்போது கோபம் கோபமா வருது" என்று ஒருவர் சொல்வார். அடுத்தவர் தலையாட்டுவார்.

இந்த அழுகையைப் பற்றி ஒவ்வொரு அப்பாவுக்கும் நான் கட்டாயம் சொல்வது உண்டு. பிறந்த சில வாரங்களில் அழுகை கூடிக்கொண்டே போகும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தணியும். பால் கொடுத்து, துணி மாற்றி, தூக்கி நடந்தும் சில நாள் நிற்காது. அது உங்கள் தோல்வி இல்லை. கோபம் தலைக்கேறுகிறது என்று தெரிந்தால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். சில நிமிடம் மூச்சு விட்டுவிட்டு, திரும்பிப் போய்ப் பாருங்கள். முடிந்தால் யாரையாவது கூப்பிடுங்கள். அந்தச் சில நிமிட அழுகை குழந்தையை ஒன்றும் செய்யாது. ஆனால் சில விநாடிகள் பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். அழுகை நிற்காமல் பொறுமை இழந்த நேரத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. இதை அம்மாவிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது.

தாய்ப்பால் வகுப்புக்கு எதற்கு அப்பா என்று கேட்பவர்கள் உண்டு. இத்தாலியில் 280 அம்மாக்களை வைத்து நடந்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. பால் கட்டிக்கொள்வது, போதவில்லையோ என்ற பயம் போன்ற வழக்கமான சிக்கல்களை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு பிரிவில் அப்பாக்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஆறாவது மாதத்தில் முழுத் தாய்ப்பால் கொடுத்தவர்கள் அந்தப் பிரிவில் 25 சதவீதம், மற்றதில் 15 சதவீதம். ராத்திரி இரண்டு மணிக்கு மார்பு வலியில் அழும் பெண்ணின் பக்கத்தில் இருப்பவர் அவர்தானே! என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"குழந்தை வளர்ப்பு பெண்ணுக்கு இயல்பா வரும், எங்களுக்கு வராது" என்று வகுப்பில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வை அவர்களுக்குச் சொல்வேன். அப்பா ஆனவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் நன்றாகவே குறைந்திருந்தது. தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவு. குழந்தையோடு இருக்க இருக்க ஆணின் உடம்பும் அதற்குத் தகுந்தபடி மாறுகிறது.

இதில் அம்மாக்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்வேன். அவர் டயப்பரைக் கோணலாகக் கட்டுகிறார் என்றால் கட்டட்டும். உடனே கையிலிருந்து வாங்கிச் சரிசெய்தால், அடுத்த தடவை அவர் எழுந்திருக்க மாட்டார். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குறைந்த வருமானக் குடும்பங்களோடு பதினாறு வாரக் குழுக்கள் நடத்திப் பார்த்தார்கள், சில அப்பாக்கள் மட்டும், சில இருவரும் சேர்ந்து. இரண்டிலும் அப்பாக்களின் ஈடுபாடு கூடியது. ஆனால் இருவரும் சேர்ந்து வந்த குழுக்களில்தான் வளர்ப்புச் சுமையின் மன அழுத்தம் குறைந்தது, தம்பதியின் உறவும் சரியாமல் நின்றது. எனக்கும் இதுவே படுகிறது: சில வாரம் ஆண்கள் தனியாக, மீதி நேரம் சேர்ந்து.

அப்பாவை உள்ளே கூப்பிடுகிறோம் என்பதற்காக அம்மாவோடு தனியாகப் பேசும் நேரத்தை விட்டுவிடக் கூடாது. வீட்டில் அடி உதை உண்டா, பயமாக இருக்கிறதா என்ற கேள்வியைக் கணவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது ஆபத்து. ஒவ்வொரு வருகையிலும் சில நிமிடம், விதிவிலக்கே இல்லாமல் எல்லாரிடமும். இதைச் சரியாகச் செய்துகொண்டே ஆண்களோடு வேலை செய்ய முடியும். ருவாண்டாவில் இளம் அப்பாக்களுக்கும் அவர்கள் துணைகளுக்கும் நடத்திய குழு அமர்வுகளைப் பற்றிய ஆய்வு 2018-ல் வந்தது. கலந்துகொண்டவர்களின் வீடுகளில் துணை மீதான வன்முறை குறைந்திருந்தது.

கடைசியாக, நாங்கள் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான கட்டுரையின்படி, கர்ப்பத்தின் தொடக்கம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரையிலான காலத்தில் அப்பாக்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அதிகம். அம்மாவுக்கு மனச்சோர்வு இருந்தால் அப்பாவுக்கும் வர வாய்ப்பு கூடும். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும் எடின்பரோ கேள்வித்தாள் 1987-ல் அம்மாக்களுக்காக வந்தது, பத்தே கேள்விகள். அப்பாக்களுக்கும் பயன்படுத்தலாம், ஆனால் ஆண்கள் துக்கத்தைக் குறைவாகவே ஒப்புக்கொள்வதால் இன்னும் குறைந்த மதிப்பெண்ணிலேயே கவனிக்க ஆரம்பிக்க வேண்டும். ஆண்களிடம் அது அழுகையாக வெளிப்படாது. எரிச்சல், மது, தேவையில்லாமல் நீளும் வேலை நேரம், போனுக்குள் புதைந்துகொள்வது, இப்படித்தான் வெளியே தெரியும்.

எடை பார்க்க நான்கு மாதக் குழந்தையைத் தூக்கி வந்த ஒருவரிடம், "தம்பி, குழந்தை இருக்கட்டும், நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றார். நான் எடையை எழுதிக்கொண்டே, "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப எப்படி இருக்கும்?" என்றேன். சரி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"கீழ வண்டியை நிறுத்திட்டு அப்படியே உக்காந்திருப்பேன். அரை மணி நேரம் போயிடும். மேல அழுற சத்தம் கேக்கும். இறங்கக் கால் வராது."

சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டேன். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, கேட்காமல் விடுவதுதான் தப்பு. இல்லை என்றார். அன்றே மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தோம், சனிக்கிழமைக் குழுவிலும் சேர்த்துக்கொண்டோம். அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று சனிக்கிழமை வரவில்லை, மூன்று தடவையும் நானே போன் செய்தேன். நம்பர் இருந்தது. போன வாரம் வந்தவர், இப்போது வண்டியை நிறுத்தியதும் மனைவிக்குப் போன் போடுவதாகச் சொன்னார். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வருவாராம். இன்னும் சில நாள் இறங்க ஐந்து நிமிடம் ஆகிறதாம்.