என்சைம் அஸே: நொதியின் அளவா, நொதியின் வேலையா?

செல்லுக்குள் கழிவை உடைக்கும் பைக்கு லைசோசோம் என்று பெயர். பரம்பரையாக வரும் லைசோசோம் நோய் ஒன்று இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், மருத்துவர் எழுதித் தரும் சோதனைகளில் முக்கியமானது 'என்சைம் அஸே'. பேச்சில் இது 'என்சைம் டெஸ்ட்' ஆகிவிடுகிறது. அப்புறம் 'என்சைம் லெவல் பார்த்தாச்சா?' என்ற கேள்வி வருகிறது. தமிழில் எழுதுகிறவர்களும் அந்த 'லெவலை'ப் பிடித்துக்கொண்டு 'நொதி அளவுச் சோதனை' என்று போட்டுவிடுகிறார்கள்.

இந்த மொழிபெயர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சோதனை நொதி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இருக்கிற நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிறது. மரபணுப் பிழையால் வேலைசெய்யும் இடம் மட்டும் கெட்டுப்போன நொதி செல்லுக்குள் தாராளமாகவே கிடக்கலாம். அப்போதும் முடிவு பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். ஆகவே தமிழ்ச் சொல்லில் 'செயல்' இருந்தாக வேண்டும். நான் பரிந்துரைப்பது 'நொதிச்செயல் அளவீடு'. ஏன் என்று சொல்ல, இந்தச் சோதனையோடு ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள் ஒவ்வொன்றையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் 'அஸே'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் லத்தீனில் எடைபோடுவதைக் குறிக்கும் 'எக்ஸாகியம்'. ஆய்வகத்துக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே பொன், வெள்ளியின் தரத்தைச் சோதிப்பதற்கு இந்தச் சொல்தான் வழங்கியது. அந்த வேலைக்குத் தமிழில் 'மாற்றுப் பார்த்தல்' என்ற அருமையான வழக்கு உண்டு. பொன் எத்தனை மாற்று என்று கேட்பவர் எடையைக் கேட்கவில்லை, தரத்தைக் கேட்கிறார். 'அஸே'யின் உட்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனாலும் இங்கே பயன்படுத்த முடியாது. இதே நோய்களுக்குக் குறைபடும் நொதியை வெளியிலிருந்து ஏற்றும் சிகிச்சைக்கு 'நொதி மாற்றுச் சிகிச்சை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சோதனைக்கும் 'மாற்று', சிகிச்சைக்கும் 'மாற்று' என்றால் படிக்கிறவர் குழம்பிப்போவார். எனவே 'அளவீடு' என்ற சாதாரணச் சொல்லோடு நின்றுகொள்வதே மேல்.

அடுத்து 'என்சைம்'. ஜெர்மானிய உடலியங்கியலாளர் வில்ஹெல்ம் கூனே 1870களில் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே. 'சைமே' என்றால் புளிக்க வைக்கும் ஈஸ்ட். சர்க்கரையைச் சாராயமாக்கும் ஆற்றல் ஈஸ்டின் உயிரில் இருக்கிறதா, அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறதா என்று அறிஞர்கள் மோதிக்கொண்டிருந்த காலம் அது. 1897-இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்டை நசுக்கிப் பிழிந்து, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத சாற்றைக் கொண்டே நொதித்தலை நடத்திக் காட்டினார். 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் 'நொதித்தல்' என்பது புளித்துப் பொங்குதல். அதிலிருந்து 'நொதி' வந்தது. இலங்கைப் பாடநூல்களில் 'நொதியம்'. இரண்டும் கூனேயின் சொல் புறப்பட்ட அதே இடத்திலிருந்து புறப்பட்டவை. இதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

நொதிகளின் பெயர்களில் வரும் 'ஏஸ்' விகுதி 1833-இல் பெயரிடப்பட்ட 'டயாஸ்டேஸ்' என்ற நொதியிலிருந்து கிளம்பியது. எதை உடைக்கிறதோ அதன் பெயரோடு 'ஏஸ்' சேரும். ஹெக்சோசமினிடேஸ், கேலக்டோசிடேஸ் என்ற நீளமான பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பெரும்பாலும் பெயரிலேயே வேலை எழுதியிருக்கும்.

'லைசோசோம்' கதை இன்னும் சுவையானது. பெல்ஜியத்தின் லுவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் குழுவினர் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று எலியின் கல்லீரலில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்காக அமில ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதியின் செயலையும் அளந்தார்கள். கல்லீரலை மென்மையாக அரைத்தபோது, எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வந்தது. அதே மாதிரியைக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்துவிட்டு மறுபடி அளந்தால், காணாமற்போனது திரும்பி வந்திருந்தது! வேறொருவராக இருந்தால் 'ஏதோ கைப்பிசகு' என்று தூக்கிப் போட்டுவிட்டு இன்சுலினுக்குத் திரும்பியிருப்பார். இவர்கள் அதை விடவில்லை. நொதி ஒரு பைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, பையின் சவ்வு கிழிந்த பிறகுதான் வெளியே வந்து வேலையைக் காட்டுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார் டி டூவ். கிரேக்கத்தில் 'லைசிஸ்' கரைத்தல் அல்லது சிதைத்தல், 'சோமா' உடல். 1974-இல் ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலாடே ஆகியோருடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லைசோசோமை நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. அதைக் காட்டிக் கொடுத்ததே ஒரு நொதிச்செயல் அளவீடுதான். நொதியின் அளவு முதல் நாளும் அதேதான், சில நாள் கழித்தும் அதேதான், மாறியது செயல்.

தமிழில் லைசோசோமுக்குச் 'செரிமானப் பை', 'தற்கொலைப் பை' என்றெல்லாம் பாடநூல்களில் வருகிறது. இரண்டாவது எனக்குப் பிடிக்கவே இல்லை. செல் தன்னையே அழித்துக்கொள்ளும் அரிதான சமயத்தை வைத்து, அன்றாடம் கழிவை உடைத்து மறுபயனுக்கு அனுப்பும் உறுப்புக்குப் பெயர் வைப்பது நியாயமில்லை. லைசோசோம் என்றே எழுதிவிடலாம், யாருக்கும் நட்டமில்லை.

சரி, 'ஸ்டோரேஜ் டிஸார்டர்' என்பதற்கு வருவோம். 'சேமிப்பு நோய்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. சேமிப்பு என்பது பின்னால் உதவும் என்று திட்டமிட்டு எடுத்து வைப்பது. இங்கே நடப்பது அதுவா? ஒரு நொதி வேலை செய்யாததால் உடைபட வேண்டிய பொருள் உடைபடாமல், சாக்கடை அடைத்துக்கொண்டதுபோல் லைசோசோமுக்குள் தேங்குகிறது. லைசோசோம் வீங்குகிறது, செல் வீங்குகிறது, கடைசியில் உறுப்பே பழுதாகிறது. 'தேக்க நோய்' என்பதே நடப்பதைச் சொல்லும் சொல். எந்த நொதி கெட்டது என்பதைப் பொறுத்துத் தேங்கும் பொருள் மாறும். பாம்பே நோயில் கிளைக்கோஜன். காஷே நோயில் குளுக்கோசெரிப்ரோசைடு. டே–சாக்ஸ் நோயில் ஜி.எம்.2 கேங்கிளியோசைடு. இப்படி 70-ஐ ஒட்டிய நோய்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. தனித்தனியே ஒவ்வொன்றும் அரிது.

இந்த நோய்களுக்கும் லைசோசோமுக்கும் முடிச்சுப் போட்டவர் டி டூவோடு லுவேனில் பணியாற்றிய ஹென்றி–ஜெரி ஹெர்ஸ். பாம்பே நோயை டச்சு மருத்துவர் யோவான்னஸ் பாம்பே 1932-லேயே விவரித்திருந்தார். அவர் பார்த்தது இதயம் பெருத்து இறந்துபோன ஏழு மாதக் குழந்தையை. காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. 1963-இல் ஹெர்ஸ் அந்த நோயாளிகளிடம் அமில ஆல்ஃபா–குளுக்கோசிடேஸ் என்ற லைசோசோம் நொதி செயல்படவில்லை என்று அளந்து காட்டினார். அதன் பிறகு மற்றவையும் வரிசையாகப் பிடிபட்டன. 1882-லேயே விவரிக்கப்பட்ட காஷே நோய்க்கு எந்த நொதி காரணம் என்பது 1965-இலும், 1880களில் விவரிக்கப்பட்ட டே–சாக்ஸ் நோய்க்கு 1969-இலும் தெரியவந்தது.

இப்போது ஆய்வக மேசைக்குப் போவோம். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். உறையவைத்து உருக்கியோ ஒலியலையால் அதிர்வித்தோ அவற்றை உடைக்கிறார்கள். சவ்வு கிழிந்தால்தானே நொதி வெளியே வரும்? பிறகு அதில் ஒரு செயற்கைத் தளப்பொருளைச் சேர்க்கிறார்கள். தளப்பொருள் என்றால் நொதி வெட்டி உடைக்கும் பொருள். நொதி உடைக்க வேண்டிய சர்க்கரைத் துண்டோடு 4-மெத்தில்அம்பெல்லிஃபெரோன் என்ற மூலக்கூறை இணைத்துச் செய்தது அது. இணைந்திருக்கும்வரை அந்த மூலக்கூறு சரியாக ஒளிராது. நொதி வெட்டிவிட்டால் விடுபட்டு, புற ஊதாக் கதிர் பட்டதும் நீலமாக ஒளிரும். லைசோசோமின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது என்பதால் கலவையையும் அமிலமாகவே வைத்து, 37 டிகிரி செல்சியஸில் குறித்த நேரம் விடுகிறார்கள். நேரம் முடிந்ததும் காரக் கரைசலை ஊற்றுகிறார்கள். அது ஒரே வீச்சில் இரண்டு வேலை செய்கிறது: நொதியை நிறுத்துகிறது, விடுபட்ட மூலக்கூறை நன்றாக ஒளிரவும் வைக்கிறது. சோதனைத் தட்டில் நோயில்லாதவரின் மாதிரி இருக்கும் குழியில் பளிச்சென்று நீலம்; நோயாளியின் குழியில் வெறும் தளப்பொருள் மட்டும் வைத்த குழிக்குச் சற்றே மேலான மங்கல். அந்த ஒளியை அளந்துதான் எண் வருகிறது.

அந்த எண்ணின் அலகைப் பாருங்கள்: 'நானோமோல் / மணி / மில்லிகிராம் புரதம்'. ஒரு மில்லிகிராம் புரதம் ஒரு மணி நேரத்தில் இத்தனை நானோமோல் தளப்பொருளை உடைத்தது என்று பொருள். இது அளவு என்றால் அதில் 'மணி'க்கு என்ன வேலை? அலகே சொல்லிவிடுகிறது, இது வேகம் என்று. 'நொதி அளவு' என்று எழுதுகிறவர்கள் அறிக்கையின் இந்த ஒரு மூலையைப் பார்த்தாலே போதும்.

இன்னொன்றும் உண்டு. வழியில் வெயில் பட்டோ தாமதமாகியோ மாதிரி கெட்டுப்போனாலும் எண் குறைவாகத்தான் வரும். அதனால் சந்தேகிக்கும் நொதியோடு, நோய்க்குச் சம்பந்தமில்லாத இன்னொரு லைசோசோம் நொதியையும் சேர்த்து அளப்பார்கள். இரண்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் பழி மாதிரியின் மேல்; ஒன்று மட்டும் குறைந்திருந்தால் நோயின் மேல். அறிக்கையில் கேட்காத நொதியின் பெயர் ஒன்று இருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. வடிதாளில் உலரவைத்த ரத்தப் பொட்டிலும் இப்போது அளக்க முடிகிறது. 2000களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் நெஸ்டர் சமோலஸ் அந்த வழியைத் திறந்தார். பிறந்த குழந்தைகளைச் சலித்துப் பார்க்க அது வசதி. ஆனால் பொட்டில் குறைவு தெரிந்தால் வெள்ளணுக்களிலோ தோலிலிருந்து வளர்த்த செல்களிலோ உறுதிப்படுத்துவார்கள், மரபணுவையும் பார்ப்பார்கள்.

'செயல்' என்ற சொல் ஏன் அவசியம் என்பது, சோதனை வழுக்கும் இடங்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். டே–சாக்ஸ் நோயில் பி1 என்றொரு வகை உண்டு. வழக்கமான செயற்கைத் தளப்பொருளைக் கொடுத்தால் இந்த நோயாளியின் நொதி ஒழுங்காக வெட்டிவிடும். சல்ஃபேட் சேர்ந்த தளப்பொருளைக் கொடுத்தால்தான் அதன் இயலாமை வெளிப்படும். ஆக, முடிவு எந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தது. ஏபி வகை என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நொதியில் குறையே இல்லை. கேங்கிளியோசைடை நொதியிடம் எடுத்துக் கொடுக்கும் துணைப் புரதம் இல்லை. செயற்கைத் தளப்பொருளுக்கு அந்தத் துணை தேவைப்படாது என்பதால் ஆய்வகத்தில் எல்லாம் சரி என்று வரும். குழந்தைக்கோ நோய் இருக்கும்.

இதற்கு நேர்மாறானது 'சூடோ டெஃபிஷியன்சி'. தமிழில் 'போலிக் குறைபாடு' எனலாம். அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதியில் இது சகஜம். ஆய்வகத்தில் செயல் குறைவாகத் தெரியும். ஆள் ஆரோக்கியமாக இருப்பார், எதுவும் தேங்கியிருக்காது. உடலுக்குத் தேவையான வேலையை அந்தக் கொஞ்சச் செயலே முடித்துவிடுகிறது. அதனால்தான் அந்த நொதி உடைக்க வேண்டிய பொருளான சல்ஃபடைடு சிறுநீரில் வெளியேறுகிறதா என்று தனியே பார்க்கிறார்கள். ஃபேப்ரி என்ற தேக்க நோயிலோ சோதனை மறுபடி நோயைத் தவறவிடலாம். அது எக்ஸ் குரோமோசோமில் வருவது. பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடுவதால், நோயுள்ள பெண்ணுக்கும், அந்த நோயில் குறைபடும் நொதியான ஆல்ஃபா–கேலக்டோசிடேஸின் செயல் இயல்பான எல்லைக்குள் வரலாம். பெண்களுக்கு இந்த அளவீட்டை மட்டும் நம்பி 'நோயில்லை' என்று சொல்வதில்லை. மரபணுச் சோதனைதான் முடிவு செய்யும்.

இனி எழுதும்போது எப்படி எழுதலாம்? தலைப்பில் 'வெள்ளணுக்களில் பீட்டா–குளுக்கோசிடேஸ் நொதிச்செயல் அளவீடு' என்று எழுதலாம். முடிவில் 'நொதி இல்லை' என்றோ 'நொதி அளவு குறைவு' என்றோ எழுதாமல் 'நொதிச்செயல் குறைவு' என்று எழுதலாம். பக்கத்தில் எந்தத் தளப்பொருள், எந்த மாதிரி, ஆய்வகத்தின் இயல்பு எல்லை என்ன என்பதையும் சேர்க்க வேண்டும். ஓர் ஆய்வகத்தின் எல்லையை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது. நோயின் பெயருக்கு 'லைசோசோம் தேக்க நோய்'. பேச்சில் 'என்சைம் டெஸ்ட்' என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். 'லெவல்' மட்டும் வேண்டாம்.