பிளாக் டிக்கெட்: கறுப்பா, அடைப்பா?

பிளாக் டிக்கெட் (பெயர்ச்சொல், பேச்சு வழக்கு): சினிமா, நாடகம், கிரிக்கெட் போன்றவற்றின் நுழைவுச்சீட்டை அதில் அச்சிட்ட விலைக்கு மேல், கவுன்டருக்கு வெளியே விற்பது, அப்படி விற்கப்படும் சீட்டு. ‘பிளாக்ல விக்கிறான்’, ‘பிளாக்ல வாங்கினேன்’ என்று வரும். அகராதிக்கு இவ்வளவு போதும். மன்னார்குடிக்காரரிடமோ கும்பகோணத்துக்காரரிடமோ கேட்டால் இதோடு விடமாட்டார். எந்தப் படம், எந்தக் கொட்டகை, எவ்வளவு கொடுத்தார், சட்டைப் பித்தான் எத்தனை போனது என்று தொடங்கிவிடுவார்.

முதலில் டிக்கெட். பழைய பிரெஞ்சில் ‘எஸ்திகெத்’ என்றால் சுவரிலோ கம்பத்திலோ ஒட்டிவைக்கும் துண்டுக் குறிப்பு. குத்துதல், ஒட்டுதல் என்ற பொருளுள்ள ஜெர்மானிய வேரிலிருந்து வந்த சொல் அது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், தலையெழுத்தைத் தொலைத்து டிக்கெட் ஆனது. அதே பிரெஞ்சுச் சொல் வேறு வழியில் போய் ‘எட்டிக்கெட்’ ஆனது. அதாவது சபை நாகரிகம். முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்ற யாரும் இவ்விரண்டும் ஒரு தாய் பிள்ளைகள் என்றால் நம்பமாட்டார்கள்.

காவிரி டெல்டாவில் பெரும்பாலோர் கையில் பட்ட முதல் டிக்கெட் ரயில் டிக்கெட்டாகத்தான் இருந்திருக்கும். நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூர் வழியாகத் திருச்சியையும் இணைத்த பாதை 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சினிமா டிக்கெட்டின் கதையிலும் இந்தப் பக்கத்துக்கு ஓர் இடம் உண்டு. 1905-ல் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிக்கு வந்திருந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் போட்டுக் காட்டத் தொடங்கினார். காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் தொழில் அப்புறம் ஊர் ஊராகக் கீற்றுக்கொட்டகை ஆனது.

நாளடைவில் டிக்கெட் ஆளையே குறிக்கத் தொடங்கியது. ‘எத்தனை டிக்கெட்?’ என்று நடத்துநர் கேட்பது சீட்டை அல்ல, தலைகளை. ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால் ‘டிக்கெட் வாங்கிட்டார்’ என்பார்கள். வேலை போனால் சீட்டு கிழிந்தது.

சீட்டு நம்மிடம் நெடுநாளாகப் புழங்குவது. இந்தியின் சிட்டி, ஆங்கிலேயர் இங்கிருந்து எடுத்துப்போன சிட், நிலத்துக்கு நாம் வாங்கும் சிட்டா எல்லாம் இதன் உறவு வட்டாரத்தில் இருப்பவை. ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, குலுக்கல் சீட்டு, மருந்துச் சீட்டு என்று வேலை ஏராளம். ஆகவே டிக்கெட்டுக்கு நுழைவுச்சீட்டு, பயணச்சீட்டு என்று வந்ததில் ஒட்டுப்போட்ட உணர்வே இல்லை. ‘அனுமதிச் சீட்டு’ என்றும் எழுதுகிறார்கள். அனுமதி வடசொல் என்பது ஒருபுறம், காசு கொடுத்து வாங்கியவனுக்கு யார் அனுமதி தருவது? நுழைவுச்சீட்டே நல்லது.

இனி பிளாக். ஆங்கிலத்தில் ‘கறுப்புச் சந்தை’ என்ற வழக்கு இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டில் பரவியது. தமிழ் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டது: சொல்லுக்குச் சொல்லாகக் கறுப்புச் சந்தை, பொருளைப் பிடித்துக் கள்ளச்சந்தை. டெல்டாக்காரர்களுக்குக் கள்ளச்சந்தை என்றால் முதலில் நினைவுக்கு வருவது டிக்கெட் அல்ல, அரிசி. போர்க்காலத்திலும் அப்புறம் 1960களிலும் நெல்லை விளைந்த மாவட்டத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. விளைந்த ஊரில் ஒரு விலை, எல்லை தாண்டினால் வேறொரு விலை. இடையில் இருக்கும் தொகை யாராவது ஒருவர் மடிக்குப் போகத்தானே வேண்டும்? டிக்கெட்டிலும் இதே கணக்குதான். விலையை அரசு கட்டியிருக்கிறது, நாற்காலி எண்ணிக்கையும் கட்டுப்பட்டது, முதல் நாள் கூட்டம் மட்டும் கட்டுக்குள் இல்லை.

நம் பக்கம் கூட்டத்துக்கு ஒரு காரணம் வயலிலும் இருக்கிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை அறுவடை தீபாவளிக்கு முன்னால் முடியும். சம்பா அறுவடை தை மாதத்தை ஒட்டித் தொடங்கும். பெரிய படங்கள் வருவதும் அந்த இரண்டு பண்டிகைகளுக்குத்தான். கூலி கையில் இருக்கும் நாளில் படம் வருகிறது, படம் வரும் நாளில் விலை ஏறுகிறது.

பழைய கொட்டகையின் கவுன்டரைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஆள் மட்டும் நுழையும் அகலத்தில் இரண்டு சுவர், மேலே கம்பிவலை, முடிவில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஒரே நேரத்தில் மூன்று கைகள் இருக்கும், மூன்றிலும் கசங்கிய நோட்டு. உள்ளே இருப்பவர் எந்தக் கையில் டிக்கெட் வைத்தாரோ அந்தக் கையை வெளியே இழுப்பது ஒரு தனி வித்தை. மணிக்கட்டு சிராய்ந்துதான் வரும். டிக்கெட் மெல்லிய வண்ணத்தாள். தரைக்கு ஒரு நிறம், பெஞ்சுக்கு ஒன்று, சேருக்கு ஒன்று. வியர்வையில் நனைந்தால் சாயம் விரலில் ஒட்டும். வெளியே வந்தால் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக ஒருவர் யாரையும் பார்க்காமல், உதடு அசையாமல் ‘பத்து இருபது, பத்து இருபது’ என்று சொல்லிக்கொண்டே நடப்பார். பத்து ரூபாய் டிக்கெட் இருபது. சொல்லில் ‘பிளாக்’ இல்லை, ‘விலை’ இல்லை, ‘டிக்கெட்’கூட இல்லை. தமிழில் இவ்வளவு சிக்கனமான விளம்பரம் இன்னொன்று இருக்குமா தெரியவில்லை.

தரை டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த வகுப்பு அது. லண்டனில் ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் நாடக அரங்கிலும் மேடைக்கு முன்னால் தரையில் நின்று பார்க்க ஒரு பென்னி கொடுத்தால் போதும். அந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட்லிங்’ என்றே பெயர், கிட்டத்தட்ட நம் ‘தரை டிக்கெட்’தான். அங்கே திரும்பக் கட்டிய குளோப் அரங்கில் இன்றும் நின்று பார்க்கும் மலிவு இடம் உண்டு. இங்கே ‘தரை டிக்கெட்’ ஒருவரைத் தாழ்த்திப் பேசும் சொல்லாக மட்டும் மிஞ்சிவிட்டது. சென்னை மல்டிபிளெக்ஸ்களில் முன்வரிசைக்கு 10 ரூபாய் டிக்கெட் இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2017 அக்டோபரில் அரசு கட்டணங்களை மாற்றியபோது மல்டிபிளெக்ஸுக்குக் குறைந்தபட்சம் 50, அதிகபட்சம் 150 என்று ஆனது. இது வரி நீங்கலாக. உள்ளாட்சிக் கேளிக்கை வரி, ஜிஎஸ்டி எல்லாம் ஏறி அந்த 150 பின்னாளில் கிட்டத்தட்ட 190-ல் போய் நின்றது.

அப்புறம் கவுன்டர் ஓட்டை போய் செயலி வந்தது. பத்து இருபது ஆசாமியும் பெரும்பாலும் காணாமல் போனார். ஆனால் ‘பிளாக்’ போகவில்லை, பொருளை மாற்றிக்கொண்டது. தமிழ் எழுத்தில் கறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அடைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒன்றாகவே வந்து விழும்: பிளாக். (ஊராட்சி ஒன்றியத்தை ‘பிளாக் ஆபீஸ்’ என்கிறோமே, அது மூன்றாவது, அதை விட்டுவிடலாம்.) முன்பதிவு திறந்த நிமிடத்தில் செயலியைத் திறந்தால், நடு வரிசைகள் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடக்கும். ‘என்னண்ணே, இப்பதானே திறந்துச்சு?’ என்று தியேட்டரில் கேட்டால் ‘அது பிளாக் பண்ணிருக்கு தம்பி, மன்றத்துக்கு’ என்பார்கள். ரசிகர் மன்றத்துக்குப் போன டிக்கெட் இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் திரும்பி வரும். 100 ரூபாய் அச்சிட்டது 500 ஆகியிருக்கும். அடைப்பு கறுப்பாகிவிட்டது. இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே எழுத்தில் எழுதிய தமிழ்தான் நடப்பைச் சரியாகச் சொன்னது போலும்.

இதற்கு வெறும் பேராசை என்று பெயர் வைத்தால் பாதிதான் சரி. பட வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள். நம் பகுதி ‘டிடி’, அதாவது திருச்சி–தஞ்சாவூர். பெரிய நடிகர் படம் என்றால் விநியோகஸ்தர் ‘எம்ஜி’ எனப்படும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து எடுப்பார், அந்தச் சுமையைத் தியேட்டருக்கு இறக்குவார். போட்ட பணத்தை முதல் மூன்று நாளில் எடுக்க வேண்டும். நாலாம் நாள் திங்கட்கிழமை. காட்சி எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2023 அக்டோபரில் ஒரு பெரிய படத்துக்குச் சிறப்பு அனுமதி கொடுத்தபோதுகூட ஒரு நாளைக்கு ஐந்து காட்சி, காலை 9 மணிக்கு முன் கூடாது என்றுதான் அரசு சொன்னது. அப்படியானால் மிச்சம் இருப்பது டிக்கெட் விலை மட்டும். ஆகவே கூடுதல் காசு வாங்குவது இப்போது கேட்டுக்கு வெளியே நிற்பவர் மட்டும் அல்ல, சில இடங்களில் கவுன்டரே வாங்குகிறது. அச்சிட்ட விலை ஒன்று, கேட்கும் விலை வேறு. சில நேரம் பாப்கார்னையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். இதை எல்லாம் ‘பிளாக்’ என்ற ஒரே சொல்லில் அடக்கும்போது, பழி மட்டும் பழையபடி சைக்கிள் ஸ்டாண்டு ஆசாமி மேலேயே விழுகிறது. சரியான தமிழ்ச் சொல் தேட வேண்டியது இதற்காகத்தான்.

‘கறுப்புச்சீட்டு’ வேண்டாம். தப்பானதற்கெல்லாம் கறுப்பு என்று பெயர் வைப்பது இரவல் பழக்கம்; பழந்தமிழில் கறுப்பு சினத்தைக் குறித்த சொல். டிக்கெட் கிடைக்காமல் திரும்புகிறவனுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். ‘கள்ளச்சீட்டு’ இன்னும் ஆபத்து. கள்ளநோட்டு, கள்ளச்சாவி போல அது போலி டிக்கெட் என்றே படும். பிளாக் டிக்கெட்டோ அசல் டிக்கெட். பத்திரிகைகள் எழுதும் ‘கள்ளச்சந்தை டிக்கெட்’ வெளியே நின்று விற்பவருக்குச் சரி, அவர் வரைக்கும்தான் சரி.

கவுன்டரிலேயே கூட வாங்குவதற்கு ‘மிகைவிலை’ என்பேன். இதை நான் புதிதாகக் கட்டவில்லை. காவிரி கடலில் சேரும் பூம்புகார் வணிகர்களைப் பட்டினப்பாலை இப்படிச் சொல்கிறது: ‘கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’. வாங்கும்போது கூடுதலாக வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். மிகைகொளல் என்ற வினை சொல்லில் தயாராகவே இருக்கிறது. ‘மிகைவிலைச் சீட்டு’ என்றால் யார் விற்றாலும், உள்ளே விற்றாலும் வெளியே விற்றாலும் பொருந்தும்.

சாம்பல் நிற வரிசைக்கு ‘ஒதுக்கீடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஒதுக்கீடு இங்கே உரிமையோடு சேர்ந்த சொல், அதை இதற்குக் கொடுக்கக் கூடாது. இருக்கவே இருக்கிறது ‘பதுக்கல்’. பதுங்கு தன்வினை, பதுக்கு பிறவினை. அரிசிக்கும் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் புழங்கிய சொல்தான். வரும் தேவை தெரிந்து, பொருளைக் கண்ணில் படாமல் வைத்து, விலை ஏறியதும் வெளியே விடுவது. டிக்கெட்டுக்கு ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டாம்.

மிகைவிலைக்கு எதிர்ச்சொல்லாக ‘நியாயவிலை’யைக் கொஞ்சம் யோசித்துத்தான் கையாள வேண்டும். அதைக் கேட்டதும் ரேஷன் கடை வரிசைதான் கண்முன் வரும். கோவிலில் ‘சிறப்புக் கட்டணம்’ என்று தனி வழி வைத்தால் நாம் பெரிதாகச் சண்டை போடுவதில்லை, பொது வரிசை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்ற தைரியம்தான். சினிமாவில் அந்தப் பொது வரிசை இருக்கிறதா என்பதே கேள்வி. வெளிநாட்டு நாடக அரங்குகள் இதற்கு விதவிதமாக வழி தேடியிருக்கின்றன. நியூயார்க்கில் விற்காமல் மிஞ்சும் நாடக டிக்கெட்டுகளை அன்றன்றைக்குத் தள்ளுபடியில் விற்கும் சாவடி 1973-லிருந்து டைம்ஸ் சதுக்கத்தில் இருக்கிறது. கூட்டம் தாங்காத நாடகங்களுக்குக் குறைந்த விலையில் சில இருக்கைகளைக் குலுக்கல் சீட்டில் கொடுப்பதும் உண்டு. அயர்லாந்து 2021-ல், பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே சட்டம் போட்டுத் தடுத்தது. மென்பொருள் ஏவி மொத்தமாக அள்ளுவதற்கு அமெரிக்கா 2016-ல் தடை போட்டது. காவிரி புறப்படும் கர்நாடகம் 2025 செப்டம்பரில் சினிமா டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதே மாதம் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

நம் ஊருக்கு எனக்குத் தோன்றுவது சின்ன விஷயம்: ஒவ்வொரு காட்சியிலும் ஒரு பங்கு டிக்கெட் கவுன்டரில் மட்டும், காட்சிக்கு முன்னால், அச்சிட்ட விலைக்கு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவரிடம் செயலி இருக்கலாம், வங்கி அட்டை இருக்கலாம், முன்பதிவு திறக்கும் நேரம் தெரிந்திருக்காது. அந்த டிக்கெட்டுக்குப் பெயர் தேட வேண்டாம். ‘கவுன்டர் டிக்கெட்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், எழுத்தில் ‘நேரடிச் சீட்டு’ என்று போடலாம். கூடவே, ‘ஹவுஸ்ஃபுல்’லுக்குப் பதிலாக ‘அரங்கு நிறைந்தது’ என்ற பலகையைத் தியேட்டர்காரர்கள் தாங்களாகவே நல்ல தமிழில் வைத்திருக்கிறார்கள். பதுக்கிய வரிசை காலியாக இருக்கும்போது அந்தப் பலகையைத் தொங்கவிடாமல் இருந்தால் சரி.