நெஞ்செரிவுப் பாணியை எப்போது குடிப்பது?

வெறும் வயிற்றில் குடிக்கும் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலீற்றர் நெஞ்செரிவுப் பாணி அரை மணி நேரம் வேலை செய்தாலே அதிகம். இரைப்பை அதைச் சீக்கிரம் சிறுகுடலுக்குத் தள்ளிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், சோற்றோடு தங்கி மூன்று மணி நேரம் வரை அமிலத்தைத் தணிக்கும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ நோன்பு பிடிப்பவர்கள், நோன்பு திறந்த கையோடு குடிப்பதைவிட இராச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்திக் குடிப்பதே நல்லது. விடியுமுன் சாப்பிடும் சஹரில் குடித்தது பின்னேர எரிவு வரை நிற்காது.

பாணியில் பெரும்பாலும் இருப்பவை மக்னீசியம் ஹைட்ரொக்சைட்டும் அலுமினியம் ஹைட்ரொக்சைட்டும். இரண்டும் காரங்கள், இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பும் நீருமாக மாறும். 400 மில்லிகிராம் மக்னீசியம் ஹைட்ரொக்சைட் சுமார் 500 மில்லிகிராம் அமிலத்தை முறிக்கும். மக்னீசியம் வயிற்றோட்டம் தரும், அலுமினியம் மலச்சிக்கல் தரும் என்பதால்தான் இரண்டையும் கலக்கிறார்கள். தூள் அடியில் படிவதால் போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வருவது வெறும் தண்ணீர்தான். அப்பச்சோடாவைக் கரைத்துக் குடித்தாலும் எரிவு அடங்கும். ஆனால் அதிலிருந்து கிளம்பும் காபனீரொட்சைட் வயிற்றை ஊதவைக்கும், அதிலுள்ள சோடியம் பிரஷர்காரருக்கு ஆகாது.

இரும்புச்சத்து மாத்திரையும் டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக்கும் பாணியிலுள்ள இந்த உலோகங்களோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமல் போய்விடும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி தேவை. தைரொயிட் குறைவுக்குப் போடும் தைரொக்சின் என்றால் நான்கு. சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பில் மக்னீசியமும் அலுமினியமும் தேங்கும், ஆகவே டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அல்சர் வேறு கதை. பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா, அல்லது நோ மாத்திரை. பக்டீரியாவைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை அன்டிபயோட்டிக்தான் ஒழிக்கும், பாணி ஒழிக்காது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் நாரி நோவுக்கு டைக்ளோபெனக் போடுபவர்கள், "சாப்பிட்டுத்தானே போடுறேன்" என்பார்கள். அந்த மாத்திரை இரத்தத்தில் கலந்தபின், இரைப்பைச் சுவரைக் காக்கும் புரொஸ்டகிளாண்டினையும் குறைக்கிறது. சோறு அதைத் தடுக்காது. மேலே பாணியையும் குடித்தால் நோ மறையும், புண் உள்ளே வளரும்.

மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எரிவோடு வியர்த்து, நோ இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால் பாணி குடித்துப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.