ஃபீஸ் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைத்தால்

அப்பாவுக்கு வேலை போய்விடுகிறது. தனியார் பள்ளிக்கு ஃபீஸ் கட்ட முடியவில்லை. அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனால் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்கிறார்கள். பழைய பள்ளியோ, "பாக்கியைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க" என்கிறது. இப்படி அலைந்து அலைந்தே பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5: பள்ளி மாறும் பிள்ளைக்கு டி.சி.யை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானால், அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல, பாக்கி விவரத்தை அதில் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆகவே பழைய பள்ளியில் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேர்க்கை மனுவைக் கொடுங்கள். "டி.சி. கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். "சேர்க்க முடியாதுன்னா காரணத்தை எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள். பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்க முடியாது, பிரிவு 14 இருக்கிறது.

அடுத்த முட்டுக்கட்டை எமிஸ், அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு. பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவிக்காவிட்டால், புதிய பள்ளியின் கணக்கில் பெயர் ஏறாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும், கணக்கில் இருக்காது. "நீங்களே போய் ரிலீஸ் பண்ணச் சொல்லுங்க" என்று உங்களையே துரத்துவார்கள். கல்வித் துறை தன் கணினிக்குள் முடிக்க வேண்டிய வேலைக்குக் கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை ஏன் இழக்க வேண்டும்? வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதும்படி தலைமையாசிரியரிடமே மனு கொடுங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை என்றால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்ததா என்று கணக்கு பார்க்கிறார்கள். "இந்த வருஷம் மட்டும் இங்கேயே ஓட்டுங்க" என்ற பள்ளியின் பேச்சில் மயங்கி ஆறாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் முடித்தால், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகுதான் இழப்பு தெரியும்.

பாக்கி கடன்தான், மறுக்கவில்லை. அதை வசூலிக்கப் பள்ளிக்குச் சட்ட வழி இருக்கிறது. டி.சி.க்காக வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிவு 5 எட்டாம் வகுப்பு வரைதான், ஒன்பதாம் வகுப்பிலிருந்து துணைக்கு வராது. அங்கே உயர் நீதிமன்ற உத்தரவைத்தான் மனுவில் குறிப்பிட வேண்டும். புகார் போக வேண்டிய இடம், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். 14417 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம், ஆனால் போனோடு விடாதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் அங்கேயே வாதாட வேண்டாம், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள்.